ஈஸி ஸ்பானிஷ்: எத்தனை தடவை, எப்பப்போ?

கிழமைகள், எண்கள், 'ஓ'-வில் முடியும் வினைச்சொற்கள் (எஸ்தூதியோ = படிக்கிறேன், கோமோ = சாப்பிடுறேன்) ஓரளவு தெரிஞ்சவங்களுக்கான பாடம் இது. 'என்ன செய்றேன்'னு சொல்லத் தெரிஞ்சாச்சு. 'எத்தனை தடவை செய்றேன், எப்பப்போ செய்றேன்'னு சொல்றது எப்படின்னு இந்த இதழில் பார்ப்போம்.

இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனா ஒரு உதாரணம் பாருங்க. 2010-ல் 'பீடியாட்ரிக்ஸ்' என்ற மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஸ்பானிஷ் பேசுறவங்க நிறைய. அங்கே உள்ள மருந்துக்கடைகளில் மருந்து பாட்டில் மேல ஒட்டும் ஸ்பானிஷ் லேபிள் சரியா இருக்கான்னு பார்த்தாங்க. பெரும்பாலான கடைகளில் லேபிளை மொழிபெயர்த்தது கம்ப்யூட்டர் புரோகிராம். சோதிச்ச லேபிள்களில் ஏறக்குறைய பாதியில் ஏதோ ஒரு தப்பு. பாதி ஸ்பானிஷ், பாதி இங்கிலீஷ்னு கலந்தும் வந்திருந்தது. 'ஒன்ஸ் எ டே' (ஒரு நாளைக்கு ஒரு தடவை) என்ற இங்கிலீஷ் சொற்கள் அப்படியே நின்றிருந்த இடமும் உண்டு.

இதுல என்ன ஆபத்து? இங்கிலீஷ்ல ஓ, என், சி, ஈ என்று எழுதினா 'ஒரு தடவை'. அதே நாலு எழுத்தை ஸ்பானிஷ் தெரிஞ்சவர் 'ஒன்சே'ன்னு படிப்பார். ஒன்சே என்றால் பதினொன்று! ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை எங்கே, பதினொரு மாத்திரை எங்கே. நாளைக்கு நம்மில் யாராவது இந்த மாதிரி சாஃப்ட்வேர் எழுதப் போறவங்கதான். அதனால 'எத்தனை தடவை'யைக் கொஞ்சம் கவனமாவே கத்துக்கலாம்.

நல்ல செய்தி ஒண்ணு. இந்தப் பாடத்தில் இங்கிலீஷை விடத் தமிழ்தான் நமக்கு அதிகம் கைகொடுக்கும். ஆனா ரெண்டு இடத்தில் தமிழே காலை வாரியும் விடும். ரெண்டையும் பார்ப்போம்.

படிக்கும் முன்

ஸ்பானிஷ் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தர்றேன். இது வாய்க்கும் காதுக்கும். ஸ்பெல்லிங்கை அகராதியில் பார்த்துக்கோங்க. 'தீயா' (நாள்) என்பதில் வரும் 'தீ'யை நெருப்புன்னு சொல்ற மாதிரி அழுத்தாம, 'தினம்' என்று சொல்லும்போது வர்ற மென்மையான ஒலியில் சொல்லணும். 'வ' வரும் இடமெல்லாம் உதடு லேசா ஒட்டி, 'ப'வுக்கும் 'வ'வுக்கும் நடுவில் ஒலிக்கும். உச்சரிப்பு லத்தீன் அமெரிக்க வழக்கம். ஸ்பெயினில் 'வேசெஸ்' என்பதை நாக்கைப் பல்லுக்கு நடுவில் வச்சு 'வேத்தெஸ்' மாதிரி சொல்வாங்க.

ஒன்பது படி ஏணி

ஒரே வாக்கியத்தை எடுத்துக்கலாம்: 'யேகோ தார்தே' = லேட்டா வர்றேன். (முதல் மணி கிளாஸ் உள்ள எல்லாருக்கும் பொருந்தும்.) இதுக்கு முன்னாடி ஒரு சொல்லைச் சேர்த்தா போதும். மேலிருந்து கீழே இறங்குவோம்.

சியெம்ப்ரே யேகோ தார்தே – எப்பவும் லேட்டாதான் வருவேன்.
காஸி சியெம்ப்ரே யேகோ தார்தே – அநேகமா எப்பவுமே லேட். ('காஸி' = கிட்டத்தட்ட)
நோர்மால்மென்தே யேகோ தார்தே – வழக்கமா லேட்டா வருவேன்.
ஆ மெனூதோ யேகோ தார்தே – அடிக்கடி லேட்டா வருவேன்.
ஆ வேசெஸ் யேகோ தார்தே – சில சமயம் லேட்டா வருவேன்.
தெ வெஸ் என் குவாந்தோ யேகோ தார்தே – அப்பப்போ லேட்டா வருவேன்.
ராரா வெஸ் யேகோ தார்தே – அபூர்வமா லேட்டா வருவேன்.
காஸி நுன்க்கா யேகோ தார்தே – லேட்டா வர்றது கிட்டத்தட்ட இல்லவே இல்ல.
நுன்க்கா யேகோ தார்தே – லேட்டா வர்றதே இல்ல.

முதல் நாளே ஒன்பதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். சியெம்ப்ரே, ஆ மெனூதோ, ஆ வேசெஸ், நுன்க்கா – இந்த நாலு போதும். 'காஸி' ஒண்ணைச் சேர்த்தா நாலு ஆறாகிடும்.

நுன்க்கா: 'இல்ல' எங்கே நிக்கும்?

இங்கிலீஷ்ல 'நெவர்' போட்டா 'நாட்' போடக் கூடாதுன்னு ஸ்கூல்லேயே சொல்லிக்கொடுத்திருப்பாங்க. ஸ்பானிஷ்ல அந்த விதி கிடையாது. ரெண்டு விதமா சொல்லலாம்:

நுன்க்கா யேகோ தார்தே.
நோ யேகோ நுன்க்கா தார்தே.

ரெண்டுக்கும் ஒரே அர்த்தம். விதி இதுதான்: வினைச்சொல்லுக்கு முன்னாடி ஒரு மறுப்பு கண்டிப்பா நிக்கணும். நுன்க்கா முன்னாடி வந்துட்டா அதுவே போதும். நுன்க்கா பின்னாடி போனா, முன்னாடி 'நோ' காவலுக்கு நிக்கணும். 'யேகோ நுன்க்கா தார்தே' என்று மட்டும் சொன்னா தப்பு.

தமிழில் நாம 'நான் ஒருபோதும் லேட்டா வருவதில்லை'ன்னுதான் சொல்றோம். 'ஒருபோதும்' ஒரு பக்கம், 'இல்லை' ஒரு பக்கம். ரெண்டு சேர்ந்தாதான் வாக்கியம் முழுசாகும். 'நோ … நுன்க்கா'வும் அதே ஜோடிதான். இங்கிலீஷ் வழியா போனா இது விசித்திரமா இருக்கும். தமிழ் வழியா போனா பழக்கமானதா இருக்கும்.

தமிழ் ஏமாற்றும் முதல் இடமும் இங்கேயே இருக்கு. 'ட்ரெயின் எப்பவுமே டைமுக்கு வராது' என்கிறோம். இதில் 'எப்பவுமே' இருக்கு, மறுப்பும் இருக்கு. அதனால 'எப்பவும் = சியெம்ப்ரே'ன்னு நினைச்சு, 'எல் த்ரென் நோ யேகா சியெம்ப்ரே அ தியெம்போ'ன்னு சொல்லத் தோணும். ஆனா அதுக்கு அர்த்தம், 'ட்ரெயின் எப்பவும் டைமுக்கு வரும்னு சொல்ல முடியாது', அதாவது சில நாள் வரும், சில நாள் வராது. டைமுக்கு வர்றதே இல்லைன்னு சொல்லணும்னா 'எல் த்ரென் நுன்க்கா யேகா அ தியெம்போ'. புகார் எழுதும்போது இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். ஒண்ணு முணுமுணுப்பு, இன்னொண்ணு குற்றச்சாட்டு.

வெஸ் என்றால் வேளை

மேலே ஏணியில் 'வெஸ்', 'வேசெஸ்' திரும்பத் திரும்ப வந்ததைக் கவனிச்சீங்களா? வெஸ் = தடவை. வேசெஸ் அதோட பன்மை. ஞாபகம் வச்சுக்க ஒரு வழி: 'வெஸ்' வரும் இடத்தில் தமிழ் 'வேளை'யைப் போட்டுப் பாருங்க. (ரெண்டும் உறவுச் சொற்கள் இல்ல, ஞாபகத்துக்கு மட்டும்.)

ஊனா வெஸ் – ஒரு தடவை, ஒரு வேளை
தோஸ் வேசெஸ் – ரெண்டு தடவை
த்ரெஸ் வேசெஸ் – மூணு தடவை, மூணு வேளை
ஆ வேசெஸ் – சில வேளை
தால் வெஸ் – ஒருவேளை (நடக்கலாம், நடக்காம போகலாம்)
அ ல வெஸ் – ஒரே வேளையில்
ஓத்ரா வெஸ் – இன்னொரு தடவை, மறுபடியும்

'தால் வெஸ்'ஸைப் பாருங்க. தமிழ் 'ஒருவேளை'யும் ஸ்பானிஷ் 'தால் வெஸ்'ஸும் தடவையைக் குறிக்கும் சொல்லிலிருந்தே 'மேபி' என்ற அர்த்தத்துக்கு வந்திருக்கு.

இப்போ கணக்கு. 'நாளைக்கு மூணு தடவை', 'வாரத்துக்கு ரெண்டு தடவை' என்கிறோமே, அந்தக் 'கு'வின் வேலையை ஸ்பானிஷில் 'அ' செய்யுது. 'அ'வும் 'எல்'லும் பக்கத்தில் வந்தா ஒட்டி 'அல்' ஆகிடும்.

ஊனா வெஸ் அல் தீயா – நாளைக்கு ஒரு தடவை
தோஸ் வேசெஸ் அ ல செமானா – வாரத்துக்கு ரெண்டு தடவை
த்ரெஸ் வேசெஸ் அல் மெஸ் – மாசத்துக்கு மூணு தடவை
ஊனா வெஸ் அல் ஆஞோ – வருஷத்துக்கு ஒரு தடவை

'வாரத்துக்கு ரெண்டு தடவை லைப்ரரிக்குப் போறேன்': வோய் அ ல பிப்லியோதேகா தோஸ் வேசெஸ் அ ல செமானா. 'லைப்ரரிக்கு' என்பதிலும் 'வாரத்துக்கு' என்பதிலும் தமிழில் அதே 'கு' இருக்கு. ஸ்பானிஷிலும் ரெண்டு இடத்திலும் அதே 'அ'. இங்கிலீஷ்ல இந்த ரெண்டுக்கும் வேற வேற சொல்.

சியெம்ப்ரே, நுன்க்கா மாதிரி ஒத்தைச் சொற்களை வினைக்குப் பக்கத்தில் வைங்க. 'தோஸ் வேசெஸ் அ ல செமானா' மாதிரி நீளமானதை வாக்கியத்தின் முதலிலோ கடைசியிலோ வைங்க. நடுவில் திணிக்க வேண்டாம்.

காதா: எவ்வளவு இடைவெளி?

தடவையை எண்ணாம, இடைவெளியைச் சொல்ல 'காதா'. இது ஆண்பால், பெண்பால், ஒருமை, பன்மை எதுக்கும் மாறாது.

காதா தீயா – ஒவ்வொரு நாளும்
காதா ஓச்சோ ஓராஸ் – எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை
காதா தோஸ் மேசெஸ் – ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை

மறுபடியும் மருந்துக்கே வருவோம். 'த்ரெஸ் வேசெஸ் அல் தீயா' என்றால் மூணு வேளை; காலை, மதியம், ராத்திரி. நம்ம ஊர் டாக்டர் சீட்டில் 1-1-1 என்று போடுவது. 'காதா ஓச்சோ ஓராஸ்' என்றால் எட்டு மணி நேர இடைவெளி. கணக்குப்படி ரெண்டும் நாளைக்கு மூணுதான். ஆனா ரெண்டாவதுக்கு அலாரம் வைக்கணும். தூக்கத்தில் எழுந்திருக்க வேண்டியும் வரலாம். 'அ லாஸ் ஓச்சோ' என்றால் எட்டு மணிக்கு. ஒரே 'ஓச்சோ', ரெண்டு விதமான மருந்து நேரம் இல்லையா!

சர்வர் பேக்கப்புக்கும் இதே கணக்குதான். 'காதா சேஸ் ஓராஸ்' (ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை) என்று கிளையன்ட் சொன்னதை 'அ லாஸ் சேஸ்' (ஆறு மணிக்கு) என்று கேட்டுக்கிட்டா, நாலு பேக்கப் ஓட வேண்டிய நாளில் ஒண்ணு இல்ல ரெண்டுதான் ஓடும்.

'பதினஞ்சு நாளைக்கு ஒருமுறை'ன்னு நாம சொல்றோம். உண்மையில் ரெண்டு வாரம் என்றால் பதினாலு நாள். ஸ்பானிஷ்காரங்களும் 'காதா கீன்சே தீயாஸ்' என்றுதான் சொல்றாங்க. கீன்சே = பதினஞ்சு! ரெண்டு மொழியிலும் தொடங்குற நாளையும் சேர்த்தே எண்ணுறாங்க. மெக்ஸிகோவில் 'காதா தெர்செர் தீயா' (மூணாவது நாள் தோறும்) என்றால் ஒரு நாள் விட்டு ஒரு நாள். இதுவும் அதே எண்ணிக்கை முறைதான்.

'பைமந்த்லி' என்ற இங்கிலீஷ் சொல் மாசத்துக்கு ரெண்டு தடவையா, ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவையான்னு குழப்பும். ஸ்பானிஷில் தனித்தனிச் சொல் உண்டு: 'பிமென்சுவால்' என்றால் மாசத்துக்கு ரெண்டு, 'பிமெஸ்த்ரால்' என்றால் ரெண்டு மாசத்துக்கு ஒண்ணு. நம்ம வீட்டு ஈ.பி. பில் பிமெஸ்த்ரால்.

தினமுமா, நாள் முழுக்கவா?

தோதோஸ் லோஸ் தீயாஸ் – தினமும்
தோதோ எல் தீயா – நாள் முழுக்க

'எஸ்தூதியோ தோதோஸ் லோஸ் தீயாஸ்' என்றால் தினமும் படிக்கிறேன். அரை மணி நேரம்னாலும் சரி. 'எஸ்தூதியோ தோதோ எல் தீயா' என்றால் காலையிலிருந்து ராத்திரி வரை படிப்புதான். இன்டர்வியூவில் மாத்திச் சொன்னா அவங்க நம்ப மாட்டாங்க!

தீயா, மெஸ், ஆஞோ ஆண்பால். அதனால தோதோஸ் லோஸ் மேசெஸ், தோதோஸ் லோஸ் ஆஞோஸ். செமானா (வாரம்), நோச்சே (ராத்திரி), மஞானா (காலை) பெண்பால். அதனால தோதாஸ் லாஸ் செமானாஸ், தோதாஸ் லாஸ் நோச்செஸ், தோதாஸ் லாஸ் மஞானாஸ். 'தீயா' ஆ-வில் முடிஞ்சாலும் ஆண்பால் என்பதை மட்டும் தனியா ஞாபகம் வச்சுக்கணும்.

கிழமைக்கும் இதே மாதிரி ஒரு சின்ன வித்தியாசம். வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. 'எல் ஸோ சியெர்ரா லோஸ் மார்தெஸ்' – செவ்வாய்க்கிழமையானா மூடிடுவாங்க. 'லோஸ்' இருக்கும் இடத்தில் 'எல்' போட்டு 'எல் மார்தெஸ்' என்று சொன்னா, வர்ற செவ்வாய் ஒரு நாள் மட்டும் மூடுறாங்கன்னு கேக்குறவர் நினைப்பார். அதுக்கடுத்த செவ்வாய் குடும்பத்தோட வந்து கேட் முன்னாடி நிப்பார். நம்ம பேச்சில் வர்ற 'கிழமையானா' என்பதுதான் 'லோஸ்'. சனியும் ஞாயிறும் மட்டும் பன்மையில் 'ஸ்' வாங்கும்: லோஸ் சாபதோஸ், லோஸ் தோமிங்கோஸ். மற்ற கிழமைகள் ஏற்கெனவே 'ஸ்'ஸில் முடிவதால் மாறாது.

'போவேன்' என்ற பொறி

தமிழ் ஏமாற்றும் ரெண்டாவது இடம் இது. 'நான் தினமும் ட்ரெயின்ல போவேன்', 'நவம்பர்ல அடிக்கடி மழை பெய்யும்'. இலக்கணப்படி 'போவேன்', 'பெய்யும்' எதிர்காலம். ஆனா நாம சொல்றது பழக்கத்தை. தமிழில் எதிர்கால வடிவம் ரெண்டு வேலையும் பார்க்கும். ஸ்பானிஷில் பழக்கத்துக்கு நிகழ்காலம்தான்.

வோய் என் த்ரென் தோதோஸ் லோஸ் தீயாஸ் – தினமும் ட்ரெயின்ல போவேன். (சரி)
இரே என் த்ரென் தோதோஸ் லோஸ் தீயாஸ் – இனிமே தினமும் ட்ரெயின்ல போகப்போறேன். (இது வாக்குறுதி!)

தமிழ் வாக்கியத்தை ஆன்லைன் டிரான்ஸ்லேட்டரில் போட்டு எடுக்கும்போது இந்தத் தப்பு நுழைய வாய்ப்பு இருக்கு. 'போவேன்' எந்த வேலை பார்க்குதுன்னு அதுக்குப் புரியாம போகலாம். உங்களுக்குப் புரியும். வாக்கியத்தில் 'தினமும்', 'அடிக்கடி', 'எப்பவும்' இருந்தா நிகழ்காலத்தையே எடுங்க.

பழக்கத்தைச் சொல்ல இன்னொரு அழகான வழி 'சொலேர்'. தமிழில் 'போறது வழக்கம்', 'போறதுண்டு' என்கிறோமே, அது. சுவேலோ (எனக்கு வழக்கம்), சுவேலெஸ் (உனக்கு), சுவேலே (அவனுக்கு, அவளுக்கு, உங்களுக்கு). இதுக்குப் பின்னாடி வினையின் மூல வடிவம்:

சுவேலோ கோமெர் என் எல் கோமெதோர் – மெஸ்ஸில் சாப்பிடுறது வழக்கம்.
சுவேலெஸ் எஸ்தூதியார் போர் ல நோச்சே? – நீ ராத்திரியில் படிக்கிறது வழக்கமா?

கேக்கும்போது

மூணு கேள்வி போதும்.

கோன் கே ஃப்ரெகுவென்சியா…? – எவ்வளவு அடிக்கடி…?
குவாந்தாஸ் வேசெஸ் அ ல செமானா…? – வாரத்துக்கு எத்தனை தடவை…?
காதா குவாந்தோ…? – எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை…?

மூணாவதுதான் பேச்சில் சுலபம். 'காதா குவாந்தோ பாசா எல் த்ரென்?' – எவ்வளவு நேரத்துக்கு ஒரு ட்ரெயின்? 1931-ல் பீச்–தாம்பரம் மின்சார ரயில் ஓட ஆரம்பிச்சதிலிருந்து நம்ம பிளாட்பாரத்தில் கேக்குற கேள்வி இது. பதில் 'காதா தியெஸ் மினூதோஸ்' (பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு) என்று வந்தா நிம்மதி. 'தெ வெஸ் என் குவாந்தோ' என்று வந்தா பஸ்ஸைத் தேடலாம்.

படிச்சுப் பாருங்க

எஸ்தூதியோ என் தாம்பரம். காஸி சியெம்ப்ரே வோய் அ ல உனிவெர்சிதாத் என் த்ரென். கோமோ என் எல் கோமெதோர் தோஸ் வேசெஸ் அல் தீயா. நுன்க்கா தோமோ கஃபே, பெரோ தோமோ தே த்ரெஸ் வேசெஸ் அல் தீயா. லோஸ் தோமிங்கோஸ் சுவேலோ இர் அ ல ப்லாயா.

தாம்பரத்தில் படிக்கிறேன். அநேகமா எப்பவும் ட்ரெயின்லதான் காலேஜ் போவேன். நாளைக்கு ரெண்டு தடவை மெஸ்ஸில் சாப்பிடுவேன். காபி குடிக்கிறதே இல்ல, ஆனா மூணு வேளை டீ குடிப்பேன். ஞாயித்துக்கிழமையானா பீச்சுக்குப் போறது வழக்கம்.

இதில் ஊர், நேரம், பானம் மூணையும் மாத்திட்டா உங்க சுய அறிமுகம் ரெடி. இன்ஸ்தித்யூதோ செர்வான்தெஸ் நடத்தும் 'தெலே' தேர்வில் முதல் நிலையான ஏ1-ன் பேச்சுப் பகுதியும் சுய அறிமுகத்தோடதான் ஆரம்பிக்கும். 'நான் இன்னார்' என்று ஒரு வரி சொல்லி நிறுத்தாம, இப்படி நாலு வரி பழக்கவழக்கம் சொன்னா பேச்சு தானா நீளும்.

பயிற்சி

பதிலைப் பார்க்காம முதலில் வாய்விட்டுச் சொல்லுங்க.

1. அவன் கிளாஸுக்கு லேட்டா வர்றதே இல்ல.
2. நவம்பர்ல அடிக்கடி மழை பெய்யும்.
3. ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை கரண்ட் பில் வரும்.
4. சனிக்கிழமையானா லைப்ரரிக்குப் போவேன்.
5. எட்டு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை போடுறேன்.
6. நான் எப்பவும் மெஸ்ஸில் சாப்பிடுறேன்னு சொல்ல முடியாது.

விடை

1. நுன்க்கா யேகா தார்தே அ க்ளாசே. ('நோ யேகா நுன்க்கா தார்தே அ க்ளாசே'யும் சரி.)
2. என் நோவியெம்ப்ரே யுவேவே ஆ மெனூதோ. (நிகழ்காலம்!)
3. ல ஃபக்தூரா தெ ல லூஸ் யேகா காதா தோஸ் மேசெஸ். (லூஸ் = வெளிச்சம். கரண்ட் பில் அங்கே 'வெளிச்ச பில்'.)
4. லோஸ் சாபதோஸ் வோய் அ ல பிப்லியோதேகா.
5. தோமோ ஊனா பஸ்தீயா காதா ஓச்சோ ஓராஸ்.
6. நோ கோமோ சியெம்ப்ரே என் எல் கோமெதோர்.

ஆறில் ஒண்ணும் ஆறும் சரியா வந்தா மறுப்பு பிடிபட்டாச்சு. ரெண்டும் நாலும் சரியா வந்தா 'போவேன்' பொறியைத் தாண்டியாச்சு. அஞ்சாவது மட்டும் தப்பவே கூடாது. அது மாத்திரை விஷயம்.

'சின்ன வயசுல தினமும் போவேன்' என்று பழைய பழக்கத்தைச் சொல்ல ஸ்பானிஷில் தனி வடிவம் இருக்கு. அது அடுத்த பாடத்துக்கு. அதுவரைக்கும் ஒரு வாரம், தோதோஸ் லோஸ் தீயாஸ், ரெண்டு வாக்கியம் சொல்லிப் பாருங்க. தோதோ எல் தீயா வேண்டாம்.